ஸ்பிரே பெயின்ட் கெட்டுப்போனால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஸ்கூட்டர் பேனல், பிளாஸ்டிக் நாற்காலி, டேபிள் ஃபேன் கூண்டு, இரும்பு கேட், பழைய பீரோ என்று வீட்டுப் பொருள்களை டப்பா ஸ்பிரே வைத்துப் புதுப்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடித்த அன்று பளபளவென்று இருக்கும். சில நாளில் தோலாக உரியும். அல்லது அடித்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கும், வெளுக்கும், குழி விழும். உடனே பலரும் அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்க்கிறார்கள். அதனால் வேலை இரண்டு மடங்காகிறது. கண்ணுக்கு மேலே தெரிகிற கோளாறு பெரும்பாலும் கீழே ஏதோ ஓர் அடுக்கில் தொடங்கியிருக்கும். அது எந்த அடுக்கு என்று தெரியும்வரை நாசிலில் விரலை வைக்க வேண்டாம்.

அதைத் தெரிந்துகொள்ளச் சில எளிய சோதனைகள் இருக்கின்றன. உரிந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்கத்தில் பிரைமர் (நிறத்துக்கு முன்பு அடிக்கும் அடிப்பூச்சு) ஒட்டியிருந்து, கீழே பொருள் மொட்டையாகத் தெரிந்தால், பிரைமர் பொருளைப் பிடிக்கவில்லை. பிரைமர் பொருளிலேயே இருந்து நிறம் மட்டும் கழன்றிருந்தால், பிரைமருக்கும் நிறத்துக்கும் இடையில் கோளாறு. பின்பக்கம் பழுப்பாக இருந்தால் துருவின் மேல் அடித்திருக்கிறார்கள்.

பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால், தின்னரில் நனைத்த பஞ்சை ஒரு மறைவான இடத்தில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். நிறம் கரைந்து பஞ்சில் ஏறினால் அது லேக்கர் வகை, அதாவது கரைப்பான் ஆவியானாலே காய்ந்துவிடுகிற பெயின்ட். தோல் சுருங்கி எழும்பினால் எண்ணெய் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் பவுடர் கோட்டிங்காகவோ, ஹார்டனர் என்ற இறுக்கும் பொருள் கலந்த 2கே பெயின்டாகவோ இருக்கும். இந்தச் சோதனை உலோகத்துக்கு மட்டும்தான். பிளாஸ்டிக்கில் தின்னர் வைத்தால் பிளாஸ்டிக்கே கரையலாம்.

மூன்றாவது, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுப்பது. பெயின்ட் கம்பெனிகளின் ஆய்வகங்களிலும் பிடிப்பைச் சோதிக்கும் முறைகளில் இது ஒன்று. கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால், மேலே என்ன அடித்தாலும் அதுவும் சேர்ந்துதான் வரும்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் பெயின்டைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் எல்பிஜி வகை அல்லது டைமெத்தில் ஈதர். இரண்டுமே தீப்பற்றும். அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி, கீஸர் எதுவும் அருகில் எரியக் கூடாது. துணி முகக்கவசமும் என்95 முகக்கவசமும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க்தான் தடுக்கும். மொட்டைமாடியோ திறந்த முற்றமோ நல்லது. மூடிய அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு அடிப்பதைக் காற்றோட்டம் என்று சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்கிலிருந்து தோல் தோலாக உரிகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். முதல் கேள்வி, அது என்ன பிளாஸ்டிக்? பொருளைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணக் குறிக்குள் ஓர் எண்ணோ, ஆங்கிலத்தில் பிபி, ஏபிஎஸ் போன்ற எழுத்தோ அச்சில் வார்த்திருப்பார்கள். எண் 5 என்றால் பிபி, அதாவது பாலிபுரோப்பிலின். நம் கல்யாண மண்டபங்களில் அடுக்கி வைக்கிற நாற்காலிகள் பெரும்பாலும் இதுதான். எண் 2, 4 என்றால் பாலிஎத்திலீன்: வாளி, குடம், மாடித் தண்ணீர்த் தொட்டி. ஸ்கூட்டரில் பளபளப்பான பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ். சொரசொரப்பான கறுப்புப் பகுதிகள் பெரும்பாலும் பிபி.

குறி எதுவும் இல்லாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு சிறு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பிபியும் பாலிஎத்திலீனும் மிதக்கும். ஏபிஎஸ், பிவிசி, பாலிகார்பனேட் மூழ்கும். பெயின்ட் பிடிக்காத கூட்டம் மிதக்கிற கூட்டம்தான். அவற்றின் மேற்பரப்பு மெழுகுபோல, எந்தத் திரவத்தையும் தன்மேல் பரவவிடாது. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு நிற்பதைப் பார்க்கலாம். பெயின்டுக்கும் அதே கதிதான். காய்ந்த பிறகு அது பொருளின் மேல் போர்த்திய உறையாக இருக்கிறதே தவிர, பொருளோடு ஒட்டுவதில்லை.

மிதக்கிற பிளாஸ்டிக்குக்கு அட்ஹீஷன் புரொமோட்டர் (ஒட்டவைக்கும் பூச்சு) என்று ஒரு ஸ்பிரே தனியாக இருக்கிறது. குளோரின் சேர்த்த பாலிஓலிஃபின் (பிபி, பாலிஎத்திலீன் இரண்டும் சேர்ந்த குடும்பம்) ரெசின்தான் அதன் முக்கியச் சரக்கு. அது பிபியின் மேற்பரப்பையும் பெயின்டையும் இணைக்கும். கடையில் வெறுமனே பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் ஒத்துவருகிற ஒன்றைக் கொடுத்துவிடலாம். லேபிளில் பிபி அல்லது பாலிஓலிஃபின் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். அது தண்ணீர்போல மெல்லியதாக, நிறமில்லாமல் இருக்கும். ஒரே ஒரு மெல்லிய கோட் போதும். தடிமனாக அடித்தால் அதுவே பலவீனமான அடுக்காகிவிடும். அடித்தபின் லேபிளில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த கோட் போக வேண்டும். பல தயாரிப்புகளில் அது சில நிமிடக் கணக்குதான். "நாளைக்கு நிறம் அடித்துக்கொள்ளலாம்" என்று விட்டால் வாங்கிய பணம் வீண்.

ஏபிஎஸ் மூழ்கும் கூட்டம். அதில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். அதிலும் உரிகிறது என்றால் காரணம் அழுக்கோ, தேய்க்காததோதான். புதிய பேனல் என்றால் அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பூச்சு அதன்மேல் இருக்கலாம். பழைய பேனல் என்றால் சர்வீஸ் சென்டரில் அடித்த பாலிஷ். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி, 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, மறுபடி கழுவி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. செல்போன் சர்வீஸ் கடைக்குச் சாமான் விற்கும் இடங்களில் இது கிடைக்கும். தின்னரால் துடைக்காதீர்கள். ஏபிஎஸ் இளகி, பிறகு மயிரிழை வெடிப்பு விடும்.

நாற்காலி பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். தினமும் உட்கார்ந்து, தரையில் இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற பிபி நாற்காலிக்கு ஸ்பிரே அடிக்க வேண்டாம். உட்காரும்போது பிபி வளையும். பெயின்ட் அந்த அளவு வளையாது. அடுக்கும்போது உராய்வு வேறு. அலங்காரத் தொட்டி, சுவரில் மாட்டுகிற பொருள் என்றால் தாராளமாக அடியுங்கள்.

இரும்பில் கொப்புளம், செதில், பழுப்புக் கசிவு

கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரமும் பழுப்பும் இருந்தால் துரு. துருவின் மேல் பிரைமர் அடித்தால் துரு அடங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உதிர்கிற துரு உலோகத்தோடு ஒட்டியிருக்கவில்லை. அதன்மேல் அடித்த எதுவும் அதோடு சேர்ந்து உதிரும்.

கம்பி பிரஷும் 80 நம்பர் உப்புத்தாளும் கொண்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் இருக்கும் துருவுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம். அது துருவைக் கறுப்பான, அசையாத சேர்மமாக மாற்றுகிறது. பிறகு 220 நம்பரில் ஒரு முறை தேய்த்து, அன்றைக்கே பிரைமர். ராத்திரி வெளியே விட்டு மறுநாள் அடித்தால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத துரு மறுபடி பூத்திருக்கும்.

கடலோரத்தில் வீடு என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. பெசன்ட் நகரோ, தூத்துக்குடியோ, நாகப்பட்டினமோ, கேட்டின் மேல் உப்பு படிந்திருக்கும். அதைக் கழுவாமல் தேய்த்தால் உப்பு உலோகக் குழிகளுக்குள் போய் உட்காரும். பெயின்டின் அடியில் மாட்டிக்கொண்ட உப்பு, பெயின்ட் தோல் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். மழைக்காலம் முடிந்ததும் கொப்புளமாக எழும்புவது இதனால்தான். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அது உதவாது. கடைசிக் கழுவலுக்காவது குடிதண்ணீர் எடுங்கள்.

ஜிஐ பைப், ஜிஐ ஷீட் கதை வேறு. துருவே இல்லாமல் பெரிய பெரிய ஏடுகளாக உரியும். மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு எண்ணெய் எனாமலோடு வினைபுரிந்து, இடையில் சோப்புபோன்ற ஒரு படலத்தை உண்டாக்குகிறது. எனாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு நிற்கும். முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது என்பதால் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். இதற்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் வேண்டும். சாதாரண ரெட் ஆக்சைடு வேண்டாம். அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர்தான். தேய்த்தவுடனே அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கிவிடும் என்பதால், தேய்த்த கையோடு அடித்துவிட வேண்டும். எட்ச் பிரைமரில் அமிலம் இருக்கிறது. மெல்லிய ஒரு கோட்டுக்கு மேல் போகக் கூடாது. பள்ளம் நிரப்பும் மோட்டார் பட்டியை அதன்மேல் நேராக வைக்கவும் கூடாது.

இரண்டாவது கோட் அடித்ததும் தோல் சுருங்கி எழும்புகிறது

இதைப் பார்த்தால் கை பதறும். உடனே துடைக்கவோ, அதன்மேல் இன்னும் அடிக்கவோ வேண்டாம். அப்படியே விட்டுவிடுங்கள்.

காரணம் காலக்கணக்கு. எனாமல் ஸ்பிரே இரண்டு கட்டமாக இறுகுகிறது. முதலில் கரைப்பான் ஆவியாகிறது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக, பல மணி நேரம், பல நாள் இறுகுகிறது. இந்த இரண்டாம் கட்டத்தின் நடுவில், மேல்தோல் பாதி இறுகியும் அடிப்பகுதி இளசாகவும் இருக்கும்போது, புதிய கோட்டின் கரைப்பான் உள்ளே இறங்கினால் மேல்தோல் ஊதும். ஊதியது விரிய இடமில்லாமல் சுருங்கி மடியும். அதனால்தான் சில டப்பாக்களில் "ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லாவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து" என்று போட்டிருக்கிறார்கள். இடைப்பட்ட நேரம்தான் ஆபத்து. இந்த எண் டப்பாவுக்கு டப்பா மாறும். ஒரு பிராண்டுக்குச் சரியாக இருந்ததை இன்னொன்றுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரில் இதைவிட அதிகம் நடப்பது வேறு ஒன்று. வெல்டிங் பட்டறையில் கிரில் செய்து, ரெட் ஆக்சைடு ஒரு கை அடித்துக் கொடுப்பார்கள். கைக்கு ஒட்டவில்லை என்று அடுத்த நாளே அதன்மேல் லேக்கர் வகை ஸ்பிரே அடித்தால், லேக்கரில் இருக்கும் வீரியமான கரைப்பான் அந்த எண்ணெய் பிரைமரைத் தூக்கிவிடும். பழைய எனாமல் அடித்த பீரோவிலும் இதேதான். மேலே சொன்ன தின்னர்ப் பஞ்சுச் சோதனை குறிப்பாக இதற்காகத்தான். தோல் எழும்பினால் அதன்மேல் லேக்கர் நேராகப் போகக் கூடாது.

சரி, ஏற்கெனவே சுருங்கிவிட்டது, என்ன செய்வது? ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு 220இல் தொடங்கி, சுருக்கம் இருக்கும் இடம் முழுவதையும் நல்ல அடுக்கு வரும்வரை தேய்த்து இறக்குங்கள். பாதியில் நிறுத்தினால் ஓரத்திலிருந்து மறுபடி சுருங்கும். தேய்த்த இடத்துக்கு எபாக்ஸி பிரைமர் ஒரு தடுப்புச் சுவராக இருக்கும். அது கையில் இல்லையென்றால், லேக்கரைத் தூசிபோல மிக மெல்லிய கோட்டுகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடிக்க வேண்டும். ஈரமாகத் தெரிகிற அளவுக்கு முதல் கோட் போனால் கதை முதலிலிருந்து ஆரம்பம். சின்னப் பொருளாக இருந்தால் மொத்தத்தையும் உரித்துவிட்டு வெறும் உலோகத்திலிருந்து தொடங்குவதே நேரம் மிச்சம்.

பளபளப்பின் மேல் வெண்மை படர்கிறது

கறுப்பிலும் கருநீலத்திலும் பளிச்சென்று தெரியும். பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மார்கழிப் பனிக் காலையிலும் அடித்தவர்களுக்கு இது நடக்கும். ஆயுத பூஜைக்கு வண்டியும் மெஷினும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவசரமாக அடிக்கிறவர்கள் பலர். அது மழை தொடங்குகிற சமயம்.

கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் நீர் நுண்துளியாகப் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் வந்ததும் சில சமயம் தானே தெளியும். தெளியவில்லை என்றால், உலர்ந்த நாளாகப் பார்த்து அதே ஸ்பிரேயை ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். லேக்கராக இருந்தால் புதிய கரைப்பான் பழைய தோலைக் கொஞ்சம் இளக்கி, மாட்டிய ஈரத்தை வெளியே விடும். எனாமலுக்கு இந்த வழி வேலை செய்யாது. நன்றாகக் காய்ந்தபின் ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மங்கல் என்றால் போய்விடும்.

தடுப்பது எளிது. காலையில் பனி விலகிய பிறகு, வெயில் சுடுவதற்கு முன்பு அடியுங்கள். மழை நாளில் அடித்தே ஆக வேண்டும் என்றால், பொருளை முன்கூட்டி ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கிக்கொள்ளலாம். டிரையரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தள்ளி வைத்துவிட்டு அப்புறம் ஸ்பிரேயை எடுங்கள்.

மேட் கிளியர் (பளபளக்காத, நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தபின் வெள்ளைப் பொடி தூவியது போல இருந்தால், ஈரம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த பொடி டப்பாவின் அடியில் தங்கியிருக்கும். சரியாகக் குலுக்காவிட்டால் கட்டியாக வெளியே வரும்.

வழிகிறது, சொட்டு நிற்கிறது

ஒரே இடத்தில் அதிகம் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஈரமாக இருக்கும்போது விரலை வைக்காதீர்கள். படுக்க வைக்க முடிந்த பொருள் என்றால் உடனே படுக்க வையுங்கள், வழிதல் பரவி அடங்கலாம். இல்லாவிட்டால் இரண்டு நாள் காயவிட்டு, ஒரு சிறு மரக்கட்டையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றிச் சொட்டை மட்டும் சமன் செய்து, பிறகு 600இல் சுற்றுப்புறத்தையும் தேய்த்து, ஒரு கோட் அடியுங்கள். கட்டை இல்லாமல் விரலால் தேய்த்தால் சொட்டு அப்படியே இருக்க, இரண்டு பக்கமும் பள்ளமாகும்.

முதல் கோட் பொருளை மூடக் கூடாது. புள்ளிப் புள்ளியாக, பாதி தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கோட் வழியாமல் நிற்கும். டப்பா 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். பொருளுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பொருளைக் கடந்த பிறகு விரலை எடுக்க வேண்டும். ஃபேன் கூண்டுக்கு நேராக நின்று அடித்தால் முக்கால்வாசிப் பெயின்ட் கம்பிகளுக்கு நடுவே போய்விடும். நிறம் ஏறவில்லையே என்று இன்னும் அடிப்போம், கம்பிகள் சேரும் பற்றவைப்பு இடங்களில் சொட்டு நிற்கும். கூண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, சாய்வாக நான்கு திசையிலிருந்தும் அடிப்பதே சரி.

சொரசொரவென்று இருக்கிறது

இதில் இரண்டு வகை உண்டு. மணல் தாளைத் தொடுவது போல, பளபளப்பே இல்லாமல் இருந்தால் பெயின்ட் வழியிலேயே காய்ந்துவிட்டது. தூரம் அதிகம், அல்லது ஆடிக் காற்று, அல்லது மத்தியான வெயிலில் சுட்ட இரும்பு கேட். 600இல் லேசாகத் தேய்த்து, நிழலில், கொஞ்சம் அருகிலிருந்து ஒரு கோட் அடித்தால் சரியாகும்.

தொட்டால் வழவழப்பு, ஆனால் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் என்றால், பெயின்ட் துளிகள் பெரிதாக விழுந்து, பரவுவதற்குள் இறுகிவிட்டன. டப்பா குளிர்ந்திருந்தால் துளி பெரிதாகும். இதற்கு 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கட்டிங் பாலிஷ் போட்டால் கண்ணாடியாக வரும். ஆனால் மெட்டாலிக் நிறத்தின் மேல் நேராகத் தேய்க்கவே கூடாது. உள்ளே படுத்திருக்கும் அலுமினியத் துகள்கள் அறுபட்டுத் திட்டுத் திட்டாகிவிடும். மெட்டாலிக்கின் மேல் கிளியர் அடித்து, அந்தக் கிளியரைத்தான் தேய்க்க வேண்டும்.

வட்ட வட்டமாகக் குழி விழுகிறது

அடித்த மறு நொடியே பெயின்ட் விலகிச் சிறு வட்டங்களாகத் திறந்து, நடுவில் அடிநிறம் தெரியும். எண்ணெய்ப் பசை, பெரும்பாலும் சிலிக்கோன். டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், செயின் ஸ்பிரே, மர பாலிஷ் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய் கை வழியாக வருவதும் உண்டு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் என்றால் தாளிப்பு எண்ணெய்ப் புகை கெட்டியாகப் படிந்திருக்கும்.

இது விழத் தொடங்கியதும் நிறுத்துங்கள். குழியை நிரப்பலாம் என்று மேலே அடித்தால் குழி பெரிதாகும். காய்ந்தபின் சோப்பால் கழுவி, தேய்த்து, பிறகு இரண்டு துணி முறையில் துடையுங்கள். ஒரு துணி ஆல்கஹாலில் நனைத்தது, இன்னொன்று உலர்ந்தது. நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் எண்ணெய் கரைந்த இடத்திலேயே மறுபடி படிந்துவிடும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். கழுவாமலே உப்புத்தாள் போட்டால், எண்ணெயைக் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். எப்போதும் முதலில் கழுவல், பிறகு தேய்ப்பு.

நாள் கணக்கில் பிசுபிசுவென்று இருக்கிறது

தடிமனாக அடித்திருந்தால் மேல்தோல் காய்ந்து அடி காயாமல் இருக்கும். காற்றோட்டமான, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

வளைகிற பிவிசியில், அதாவது ரெக்சின், மென்மையான பொம்மை, வயர் உறை போன்றவற்றில், மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்போன்ற பொருள் மெதுவாக வெளியேறிப் பெயின்டையும் இளக்கும். அது நிரந்தரப் பிசுபிசுப்பு. சாதாரண ஸ்பிரேக்கு அங்கே வழியில்லை. வினைலுக்கென்று தனியாக வருகிற பூச்சுகள்தான் ஒத்துவரும். பழைய டிரில், பைனாகுலர், ரேடியோ போன்றவற்றில் ரப்பர்போன்ற தொடுகைக்காக ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். வருடங்கள் போனால் அதுவே ஈரத்தில் சிதைந்து பசையாகிவிடும். அதன்மேல் அடித்தாலும் காயாது. ஆல்கஹாலால் அந்தப் பூச்சை முழுக்க எடுத்துவிட்டு அடியுங்கள்.

தெர்மாகோல் பிசுபிசுப்பதோடு நிற்காது, கரைந்து ஓடிவிடும். கொலு வேலைக்குத் தெர்மாகோலில் நிறம் வேண்டும் என்றால், முதலில் நீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்டை பிரஷால் இடைவெளி இல்லாமல் பூசி மூடுங்கள்.

துப்புகிறது, அல்லது வரவே மாட்டேன் என்கிறது

டப்பாவில் அடைத்த பெயின்டை 1949இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர் உருவாக்கியதே வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான தன் அலுமினியப் பெயின்டை அடித்துக் காட்டத்தான். உலோகத் துகள் கலந்த பெயின்டின் குணம் அடியில் தங்குவது. உள்ளே இருக்கும் கோலிக்குண்டு கடகடவென்று ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். அது ஓடத் தொடங்குவதுவரை மட்டும் குலுக்குவது போதாது. நடுநடுவேயும் குலுக்குங்கள்.

நாசில் அடைத்திருந்தால் கழற்றித் தின்னரில் ஊறப்போடுங்கள். டப்பாவின் வால்வுக்குள் ஊசி விடாதீர்கள், அடைக்க முடியாமல் பீறிட்டு வரலாம். வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை இரண்டு மூன்று நொடி அழுத்தினால் அடைப்பே வராது. அதற்கு மேல் அழுத்தினால் வாயு தீர்ந்து, பெயின்ட் உள்ளேயே தங்கிவிடும்.

தொடர்ந்து அடிக்கும்போது டப்பா சில்லென்று ஆவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, அழுத்தம் குறைகிறது, துளி பெரிதாகிறது. ஊட்டி, கொடைக்கானலில் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி வைத்தால் சரியாகும். அடுப்பில் காட்டுவதோ, வெந்நீரில் போடுவதோ கூடாது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்று டப்பாவிலேயே எச்சரிக்கை இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதும் இதே ஆபத்துதான்.

பெட்ரோல் பட்டதும் கரைகிறது, சூட்டில் கருகுகிறது

சாதாரண ஒற்றை டப்பா ஸ்பிரேயும் அதன் கிளியரும் பெட்ரோலுக்குத் தாங்காது. டேங்க் மூடியைச் சுற்றி ஒரு முறை சிந்தினால் போதும். டேங்குக்கு 2கே கிளியர் வேண்டும். சில டப்பாக்களின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஹார்டனர் உள்ளே கலக்கும். கலந்த பிறகு லேபிளில் சொன்ன நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு மிகவும் கெடுதல், ஆஸ்துமாவைக் கிளப்பும். சரியான மாஸ்க், கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இல்லாவிட்டால் அந்தக் கடைசிக் கோட்டை மட்டும் பெயின்டிங் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வது நல்லது.

சைலன்சருக்கு சிலிக்கோன் ரெசின் உள்ள ஹீட் பெயின்ட். 600 டிகிரி வரை தாங்கும் என்று போட்டு விற்கிறார்கள். அடியில் சாதாரண பிரைமர் அடித்தால் அது முதலில் கருகி, மேலே இருப்பதையும் கழற்றும். வெறும் உலோகத்தில் நேராக அடித்து, லேபிளில் சொன்னபடி இஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் அது இறுகும்.

நிறம் மூடியில் பார்த்த மாதிரி இல்லை

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் அடிநிறத்தை மறைப்பதில் பலவீனமானவை. கறுப்பின் மேல் மஞ்சள் அடித்தால் பச்சையடிக்கும். வெள்ளை பிரைமர் போட்டு அடியுங்கள். பழைய சிவப்பின் மேல் வெள்ளை அடித்து இளஞ்சிவப்பாகக் கசிந்தால், எத்தனை கோட் போட்டாலும் கசியும். நடுவில் எபாக்ஸி பிரைமர்தான் வழி. குரோம் ஸ்பிரே கண்ணாடிபோல வந்து, கிளியர் அடித்ததும் சாம்பல் நிறமாகிவிட்டால் அது உங்கள் கைத்தவறு அல்ல, அந்தப் பெயின்டின் இயல்பு. கை படாத பொருளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கிளியர் அடிக்காமல் விடுங்கள்.

எல்லாம் நன்றாக வந்தது, நகம் பட்டால் கீறுகிறது

காய்ந்திருக்கிறது, இறுகவில்லை. கைக்கு ஒட்டாமல் போக அரை மணி நேரம் போதும். முழுக்க இறுக ஒரு வாரம் ஆகலாம், மழைக்காலத்தில் இன்னும் கூடும். அதுவரை ஃபேன் கூண்டின் கிளிப்பைப் போட்டு இறுக்காதீர்கள், பேனலில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், செய்தித்தாள் சுற்றி வைக்காதீர்கள், தாளின் மை பெயின்டில் பதிந்துவிடும். மாஸ்கிங் டேப்பை மட்டும் கடைசிக் கோட் கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே, சாய்வாக மடக்கி இழுத்து எடுத்துவிடுங்கள். இறுகிய பிறகு எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும். ஏற்கெனவே இறுகிவிட்டிருந்தால் டேப்பின் விளிம்பை ஒட்டிப் பிளேடால் லேசாக ஒரு கோடு போட்டுவிட்டு அப்புறம் இழுங்கள்.